கேப் நாளில் போட்ட கையெழுத்து

ஆபரேஷன் தியேட்டரில் எங்களுக்குச் சம்பளம் தருவது நிற்பதற்காக. வேலை தெரிந்திருப்பது கொசுறு. எனக்கு இரண்டுமே நன்றாக வரும் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்க்ரப் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் கையை நீட்டினால், அவர் வாய் திறப்பதற்குள் வேண்டிய கருவியை உள்ளங்கையில் வைக்கிறவள் நான்தான். ஜீவனஹள்ளியில் வீடு. என் கணவர் ஆரோக்கியம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார்.

ஆறு வருஷத்துக்கு மேல் நான் அங்கே கான்ட்ராக்டில் இருந்தேன். கான்ட்ராக்ட் என்றால் பதினோரு மாதம். அது முடிந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாளுக்கு எங்கள் பக்கம் ‘கேப் நாள்’ என்று பெயர். ஒரு வருஷம் இடைவெளி இல்லாமல் வேலை செய்தவர்கள்தான் நிரந்தர வேலைக்கு மனுப் போடலாம் என்பது ஆஸ்பத்திரி விதி. பதினோரு மாதம் எப்படி ஒரு வருஷம் ஆகும்? ஆகக் கூடாது என்றுதானே கேப். கான்ட்ராக்டில் குப்பை கொட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், எப்படியும் ஒருவராவது இருப்பார்.

எனக்கு நிரந்தரம் வேண்டியிருந்ததற்குக் காரணம் ஆரோக்கியத்தின் இடது முழங்கால். இந்த ஊர் டிராஃபிக்கில் பதினெட்டு வருஷம் கிளட்ச் மிதித்து அது தேய்ந்து போய்விட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிரந்தர ஊழியர் என்றால் குடும்பத்தின் வைத்தியத்தை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும். கான்ட்ராக்ட் என்றால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வாரம் நான்கைந்து முழங்கால் ஆபரேஷனுக்குக் கருவி எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், என் வீட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு டீக்கு எத்தனை மாப்

மற்ற வேலைகளில் டீ குடிக்க வேண்டுமென்றால் எழுந்து போவார்கள். எங்களுக்கு அது ஒரு சடங்கு. முதலில் மாற்று ஆள் கை கழுவி, கவுன் போட்டு, கிளவுஸ் மாட்டி வந்து நிற்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து, ரத்தம் ஒற்றும் மாப் துணி எத்தனை, ஊசி எத்தனை, கருவி எத்தனை என்று வாய்விட்டு எண்ண வேண்டும். வெளியே நிற்கும் நர்ஸ் அதைக் கவுன்ட் ஷீட் என்கிற தாளில் நேரம் போட்டு எழுதுவார். எங்கள் கையில் கிளவுஸ் இருப்பதால் பேனாவைத் தொட முடியாது. வெளியே வந்து கிளவுஸைக் கழற்றிய பிறகு, பெயருக்கு நேராக ஊழியர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஒரு துணி குறைந்தாலும் யாரும் நகர முடியாது, ஏனென்றால் அது எங்கே இருக்கிறது என்று நினைக்கவே பயமாக இருக்கும். இத்தனையும் முடித்து, போய்ப் பார்த்தால் பிளாஸ்க்கில் டீ ஆறியிருக்கும்.

இதில் எங்கள் எலும்பு டாக்டர் ராவுக்கு ஆள் மாறுவதே பிடிக்காது. கை நல்ல கை, வாய்தான் கொஞ்சம் காரம். ஒரு தடவை நாலரை மணி நேரம் நின்ற பிறகு, “டாக்டர், ரிலீவர் வந்திருக்காங்க, பத்து நிமிஷம் போய்ட்டு வரட்டுமா?” என்று கேட்டேன். அவர் நிமிரவே இல்லை. தூங்கிக்கொண்டிருந்த பேஷன்டைக் கண்ணால் காட்டி நிதானமாகச் சொன்னார்: “இவரு எழுந்து டீ கேக்கட்டும் சிஸ்டர், ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க.”

எங்கேயும் போகாதவர்

எல்லாப் பேஷன்டும் தூங்குவதில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகிற ஊசி போட்டால் ஆள் முழித்துக்கொண்டுதான் இருப்பார். முகத்துக்கு முன்னால் ஒரு துணித் திரை கட்டியிருப்போம். அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும் என்பது அடிக்கடி எங்களுக்கு மறந்துவிடும்.

ஈஜிபுராவிலிருந்து ஒரு ஆட்டோக்காரர் வந்திருந்தார். கால் எலும்பு முறிவு. இரண்டு மணி ஆகியும் எனக்குச் சாப்பாடு இல்லை. கூட வேலை செய்யும் ஷீபா என்னை மாற்ற வந்து நின்றாள். ஷீபா நிரந்தர ஊழியர், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளும் சாப்பிடவில்லை. “நீங்க போங்கக்கா”, “வேணாம், நீ போய்ட்டு வா, நீ காலைலயே ஒண்ணும் சாப்பிடலை” என்று இரண்டு நிமிஷம் நடந்தது. இருவரும் போனால் யார் நிற்பது என்ற பேச்சு வந்தபோது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது: “ரெண்டு பேருமே போய்ச் சாப்ட்டு வாங்க சிஸ்டர், நான் எங்கயும் போவமாட்டேன்.”

டாக்டர் ராவ் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மாஸ்க் மேலும் கீழும் போய் வந்ததை வைத்துச் சொல்கிறேன். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: “சரி, ஒருத்தர் போங்க. ஆர்டர் அவரோடது.”

என் வகுப்பில் நான்

கேப் நாள் முடிந்து மறுநாள் போனால் நான் புது ஊழியர். புதுப் படம், புது அடையாள அட்டை, புது எண். பழைய எண் முந்தைய கான்ட்ராக்டோடு செத்துவிடும். புது ஊழியர் எல்லாரும் முதல் நாள் அறிமுக வகுப்பில் உட்கார வேண்டும். தியேட்டரில் கை கழுவுவது எப்படி, கவுன்ட் எடுப்பது எப்படி என்று சொல்லித்தரும் வகுப்பு. அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வகுப்பை எடுக்கிறவள் நான்தான்.

மூன்றாவது தடவை சேர்ந்தபோது எச்.ஆரிலிருந்து பிரதீப் வந்தான். நல்ல பையன், கம்ப்யூட்டர் சொல்வதைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டான். வருகைப் பதிவில் என் கையெழுத்து இல்லை என்றான். நான் நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன், எட்டுப் பெண்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பு எடுப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்று காட்டினேன். அது வேறு, இது வேறு என்றான். சரி என்று மாணவி என்ற இடத்திலும் போட்டேன். வகுப்பு முடிந்ததும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தான். கேள்விகள் நான் போட்டவை. என் கேள்விக்கு நானே பதில் எழுதி, நானே திருத்தி, முழு மதிப்பெண் போட்டுக்கொண்டேன். அதற்குக் கூச்சப்படவில்லை, பதில்கள் சரியாகத்தான் இருந்தன. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு பிரதீப் உண்மையாகவே மகிழ்ந்து சொன்னான்: “சூப்பர் மேடம், ஃபிரெஷர்ஸ்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்.”

ஸ்கூல் வேனில் வந்தவள்

போன வருஷக் கேப் நாளைச் சொல்கிறேன். பத்து மணிக்கு எழுந்து, மட்டன் வாங்கி வந்து, குக்கரில் ஏற்றி மூன்று விசில் விட்டிருந்தேன். தியேட்டர் இன்சார்ஜ் லீலாவதி சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. அவருக்கு ஊர் மண்டியா பக்கம். தமிழ் பேசுவார், கன்னடம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே முதுகெலும்பு ஆபரேஷன் ஐந்து மணி நேரமாக நடக்கிறது என்றார். டேபிளில் கருவி கொடுத்துக்கொண்டு நிற்பது ஷீபா. அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த ஆபரேஷனின் கருவி செட் தெரிந்த இன்னொருத்தி அடுத்த தியேட்டரில் மாட்டிக்கொண்டிருந்தாள், வேறொருத்தி லீவு. லீலாவதி சிஸ்டரே இறங்கியிருப்பார், ஆனால் காலையில் தேங்காய் உடைக்கும்போது விரலில் வெட்டு. கையில் காயம் இருந்தால் ஸ்க்ரப் ஆகக் கூடாது. “அவளுக்கு பாத்ரூம் கூடப் போக முடியலை ரெஜினா. பெரிய மேடத்தைக் கேட்டுட்டேன், கூப்பிடுன்னாங்க. நீ பா, சீக்கிரம் வா,” என்றார். பெரிய மேடம் என்றால் மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட்.

இன்று எனக்கு வேலையே இல்லையே என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஐந்து மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும், அதுவும் வயிற்றில் பிள்ளையோடு. எல்.கே.ஜி. பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்த ஆரோக்கியம், வேனைத் திருப்பினார். பின்சீட்டில் யாரோ ஒரு குழந்தை மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலோடு நான் ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கினேன். தியேட்டர் கதவில் அட்டையைக் காட்டினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை காட்டினேன், மறுபடியும் சிவப்பு. முந்தைய நாளோடு என் அட்டை முடிந்துவிட்டது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளேயிருந்து ஷபீர் பாய் என்னைப் பார்த்துவிட்டார். சந்தாபுராவிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வரும் தியேட்டர் அட்டெண்டர், அவரும் கான்ட்ராக்ட்தான். தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்: “ஃபிகர் நக்கோ சிஸ்டர், கவலை வேணாம், உங்க கார்டு செத்தா இன்னா, என் கார்டு உயிரோடதான இருக்கு.”

டாக்டரின் உள்ளங்கை

வெளியே நிரந்தர ஊழியருக்கு நீலப் பட்டையில் அட்டை, எங்களுக்கு மஞ்சள் பட்டை. கேன்டீன் வரிசையில் யார் யாரென்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். தியேட்டருக்குள் மட்டும் பட்டை கிடையாது. எல்லாருக்கும் பச்சை உடை, தொப்பி, மாஸ்க். யார் நிரந்தரம், யார் கான்ட்ராக்ட், யாருக்கு அன்று வேலையே இல்லை என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த இடம் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கை கழுவி, கவுன் போட்டுப் போய் ஷீபா பக்கத்தில் நின்றேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அழவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள். இருவரும் எண்ணினோம். மாப் இருபது, ஊசி ஒன்பது, கருவிகள் வரிசையாக. லீலாவதி சிஸ்டர் கட்டுப் போட்ட விரலோடு கவுன்ட் ஷீட்டில் எழுதினார்: ஷீபாவை மாற்றியவர் ரெஜினா, நேரம் ஒன்று நாற்பது. ஷீபா போனாள். திரும்பி வந்தபோது அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மீதி இரண்டு மணி நேரத்தையும் நானே முடித்தேன். வெளியே வந்து கிளவுஸைக் கழற்றி, பழக்க தோஷத்தில் என் பழைய எண்ணையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது செத்த எண் என்பது நினைவுக்கே வரவில்லை.

சொல்ல வந்தது வேறு. ஆள் மாறியதை யாரும் டாக்டர் ராவிடம் சொல்லவில்லை. அவர் கண்ணாடியும் விளக்குமாகக் குனிந்திருந்தார். கையை மட்டும் பின்னால் நீட்டினார். நான் கருவியை வைத்தேன். விரல்களை மூடியவர் ஒரு கணம் நின்றார். கம்ப்யூட்டருக்கும் கதவுக்கும் அன்று என்னைத் தெரியவில்லை, அந்த உள்ளங்கைக்குத் தெரிந்தது. நிமிராமலே கேட்டார்: “ரெஜினா, நீங்க எப்ப வந்தீங்க?”

சிஸ்டத்தில் இல்லாதவள்

அடுத்த எட்டாவது மாதம் அறிவிப்பு வந்தது: தியேட்டரில் ஒரு நர்ஸ் இடம், நிரந்தரம். ஆரோக்கியம் அப்போது மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்க ஆரம்பித்திருந்தார். இனி ஒரு வருஷம் தாங்காது, வேனை விட்டுவிட வேண்டும் என்று அவரே சொன்னார். வேன்தான் எங்கள் வீட்டு வருமானத்தில் பாதி. மனுவை எழுதி, துணைக்கு ஒரு ஜெபத்தையும் சொல்லிக்கொண்டு, பிரதீப் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். பதினோரு மாதம், ஒரு நாள் இடைவெளி, மறுபடியும் எட்டு மாதம். ஒரு வருஷம் தொடர்ச்சி இல்லை என்றான். அந்த ஒரு நாளும் நான் இங்கேதான் இருந்தேன், டேபிளில் நின்றேன், கவுன்ட் ஷீட்டில் என் பெயர் இருக்கிறது என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அடுத்த மாதம் தரச் சான்றிதழுக்கான இன்ஸ்பெக்ஷன் இருந்தது. வேலையில் இல்லாத ஒருத்தியைத் தியேட்டருக்குள் யார் விட்டார்கள் என்று கேள்வி வந்தால் முதலில் லீலாவதி சிஸ்டருக்கு மெமோ, அடுத்தது கதவைத் திறந்த ஷபீர் பாய்க்கு. அவருக்கு மெமோ கூடத் தரமாட்டார்கள், நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். என் வீட்டு முழங்காலுக்காக இன்னொரு வீட்டுச் சோற்றில் கை வைக்க முடியுமா? “அன்னைக்கு ஒரு நாள்தானே பிரதீப்,” என்று மட்டும் கேட்டேன். அவன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். அவனுக்கு வருத்தம்தான், அதையும் சொல்ல வேண்டும். “என்ன மேடம் பண்றது, சிஸ்டத்துல நீங்க அன்னைக்கு இல்லையே.”

அஷ்டே

வீட்டில் ஆரோக்கியம், போகட்டும் விடு, தைலமே நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அவர் பொய் சொல்லும்போது குரல் ரொம்ப மிருதுவாக இருக்கும். மறுநாள் கவுன் மடித்துக்கொண்டிருந்தபோது லீலாவதி சிஸ்டர் வந்து நின்றார். நான் எச்.ஆருக்குப் போனதும் வெறுங்கையோடு வந்ததும் ஷபீர் பாய் வழியாகத் தெரிந்திருக்கிறது. அந்த ஆபரேஷனின் கவுன்ட் ஷீட் நகலை தியேட்டர் ஃபைலிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

“இத ஏன் காட்டலை நீ?”

“உங்களுக்குப் பிரச்னை வரும் சிஸ்டர். ஷபீர் பாய்க்கும்.”

“நான் ஷபீரைக் கேட்டுட்டுத்தான் வரேன். காட்டுங்கன்னு அவரே சொன்னாரு.”

“இருந்தாலும்…”

அவர் தாளை மடித்து என் பையில் திணித்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். “நான் கூப்ட்டேன், நீ வந்தே, அவ எழுந்து பாத்ரூம் போனா. இதுல ஒளிச்சு வெக்க இன்னா இருக்கு? பெரிய மேடத்து கிட்டே ஹோகோணா பா. அஷ்டே.”

‘ஹோகோணா பா’ என்றால் போகலாம் வா, ‘அஷ்டே’ என்றால் அவ்வளவுதான் என்று பொருள். லீலாவதி சிஸ்டர் அதைச் சொன்ன பிறகு டாக்டர் ராவ் கூட மறுபேச்சுப் பேசியதில்லை.

ஸ்டாஃபா, விசிட்டரா

பெரிய மேடம் அதிகம் பேசமாட்டார். கவுன்ட் ஷீட்டை இரண்டு தடவை படித்தார். பிரதீப்பையும் வரச்சொன்னார். நான் நின்றேன். நிற்பதுதான் எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே. உள்ளே பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து. அன்று எண்ணிய இருபது மாப்பும் இருபதாகவே திரும்பி வந்தன. அதனால் நிமிர்ந்தே நின்றேன்.

பிரதீப் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்த நம்பர் முந்தின நாளே க்ளோஸ் ஆயிடுச்சு மேடம்,” என்றான்.

“அப்ப அன்னைக்கு டேபிள்ல நின்னது யாரு?” என்றார் பெரிய மேடம்.

“ரெஜினா மேடம்தான்.”

“ரெஜினா அன்னைக்கு நம்ம ஸ்டாஃபா, வெளியாளா?”

பிரதீப் மறுபடியும் எண்ணைத் தட்டிப் பார்த்தான். லீலாவதி சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: “இந்தத் தாள் பேஷன்ட் ஃபைல்லயும் இருக்கு மேடம். இன்ஸ்பெக்ஷன்காரங்க அதைத்தான் முதல்ல எடுப்பாங்க. வெளியாள்னு நீங்க சொன்னா, கூப்ட்டது நான்னு நானும் எழுதிக் குடுத்துடறேன். கூப்பிடச் சொன்னது யாருன்னு கேட்டா அதையும் எழுதணும்.”

பெரிய மேடம் லீலாவதி சிஸ்டரைப் பார்த்தார். லீலாவதி சிஸ்டர் தன் விரலைப் பார்த்தார், காயம் ஆறி எத்தனையோ மாதம் ஆகியிருந்தும். பிறகு மேடம் பிரதீப் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க. ஸ்டாஃபா, விசிட்டரா?” என்று கேட்டார். பிரதீப் பாவம், வேர்த்துவிட்டான். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஏதேதோ தட்டினான். வாசல் செக்யூரிட்டியின் பதிவைக் கூடத் திறந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்த வழியில்தானே அவன் போக முடியும். கடைசியில் அந்த வழியே அவனைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டது. நிம்மதியாக மூச்சு விட்டுச் சொன்னான்: “விசிட்டர்னா பாஸ் போட்டிருக்கணும் மேடம். பாஸ் இல்லை. அப்ப ஸ்டாஃப்னுதான் என்ட்ரி போடணும்.”

நாற்காலி

அந்த ஒரு நாள் கணக்கில் ஏறியதும் இடைவெளி மறைந்தது, மனு செல்லுபடியானது, நீலப் பட்டை வந்தது. அறிமுக வகுப்பும் வந்தது, நிரந்தர ஊழியர்களுக்கென்று தனியாக. எடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். கேப் நாளில் யாரையும் கூப்பிடக் கூடாது என்று எச்.ஆரிலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. லீலாவதி சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, ‘அப்போது ரிலீவர் யார்?’ என்று ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பினார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஷபீர் பாய் இப்போதும் அதே கதவைத்தான் திறந்துகொண்டிருக்கிறார். அனிதா என்று ஒரு புதுப் பெண் கான்ட்ராக்டில் வந்திருக்கிறாள். கேப் நாளில் போனைச் சார்ஜ் போட்டு வைத்திரு என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஆரோக்கியத்துக்கு ஆபரேஷன். டாக்டர் ராவ், டேபிளில் ஷீபா. பிரசவ லீவு முடிந்து வந்திருந்தாள். சொந்தக்காரர்கள் ஆபரேஷனில் நாங்கள் நிற்கக் கூடாது. அதனால் நீலப் பட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, விசிட்டர் பாஸ் மாட்டிக்கொண்டு வெளியே ஹாலில் உட்கார்ந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் தொடர்ந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எத்தனை குடும்பங்களை அந்த நாற்காலிகளில் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறேன். நிற்பது எவ்வளவு சுலபம் என்று அன்று தெரிந்தது. உள்ளே ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம். இப்போது எலும்பை வெட்டுவார்கள், இப்போது அளவு பார்ப்பார்கள் என்று மனசு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. கை தானாகத் திறந்து மூடியது.

பாதியில் கதவு திறந்து ஷீபா வெளியே வந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்து ஓடினேன். “என்னடி ஆச்சு? நீ ஏன் வெளிய வந்தே?” என்று கேட்டேன். அவள் தொப்பியைத் தள்ளிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள், அனிதா மாற்றிவிட்டாள், எண்ணியாகிவிட்டது, பத்துக்குப் பத்து சரி என்று. டாக்டர் ராவா விட்டார் என்று கேட்டேன். “டாக்டர் ஒண்ணும் சொல்லலை. உங்க வீட்டுக்காரர்தான்க்கா, திரைக்கு அந்தப் பக்கத்துலருந்து சொன்னாரு: ‘நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க சிஸ்டர், நான் எங்கயும் போகமாட்டேன்.’”

ஆறு வருஷம் வேலை நாளில் போட்ட ஆயிரம் கையெழுத்துகள் கம்ப்யூட்டரில் பத்திரமாகத் தூங்குகின்றன. வேலையே இல்லாத ஒரு நாளில், இன்னொருத்தி பாத்ரூம் போவதற்காக, செத்துப்போன எண்ணில் போட்ட ஒரே ஒரு கையெழுத்துத்தான் இப்போது எங்கள் வேனின் கிளட்சை மிதிக்கிறது.